ஆந்தனி பர்ஜெஸ்

ஆந்தனி பர்ஜெஸ் (ஜான் ஆந்தனி பர்ஜெஸ் வில்சன், பிப்ரவரி 25, 1917 – நவம்பர் 22, 1993) ஆங்கில நாவலாசிரியர், இசையமைப்பாளர், விமர்சகர், மொழிபெயர்ப்பாளர், திரைக்கதை ஆசிரியர். முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களையும் இருநூறுக்கும் மேற்பட்ட இசைப்படைப்புகளையும் எழுதியவர். 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' நாவலாலும் அதைத் தழுவிய ஸ்டான்லி குப்ரிக்கின் திரைப்படத்தாலும் உலகெங்கும் அறியப்பட்டார். நாவல் எழுதும் இசையமைப்பாளராகத் தன்னை மற்றவர்கள் எண்ண வேண்டும் என்று விரும்பியவர். அவருடைய புனைவுகளில் இசை வடிவமாகவும் பேசுபொருளாகவும் இடம்பெறுகிறது. இவ்விரண்டில் எதில் அவர் வென்றார் என்பதே அவரை மதிப்பிடுபவர்களுக்கு முன் உள்ள முதன்மைக் கேள்வி.

பிறப்பு, கல்வி

பர்ஜெஸ் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹார்ப்பர்ஹே பகுதியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜோசப் வில்சன் மதுவிடுதிகளிலும் மௌனப்பட அரங்குகளிலும் பியானோ வாசித்தவர். தாய் எலிசபெத் பர்ஜெஸ். 1918 நவம்பரில் பரவிய இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோயில் அக்கா மியூரியலும் தாயும் சில நாட்கள் இடைவெளியில் இறந்தனர். அப்போது பர்ஜெஸுக்கு ஒன்றே முக்கால் வயது. தந்தை பின்னர் மதுவிடுதி நடத்திவந்த ஒரு பெண்ணை மணந்தார். பியானோ வாசிப்பவர்களின் அந்த உலகத்தைப் பர்ஜெஸ் 1986இல் 'தி பியானோ பிளேயர்ஸ்' நாவலில் எழுதினார்.

சேவியரியன் கல்லூரிப் பள்ளியில் படித்தார். சிறுவயதில், தானே செய்த வானொலிப் பெட்டியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் படைப்பு ஒன்றைக் கேட்டபோது இசையமைப்பாளராவது என முடிவெடுத்ததாகத் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். பியானோவைத் தானாகவே கற்றுக்கொண்டார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இசை படிக்க விண்ணப்பித்தார். இயற்பியல் மதிப்பெண் போதாமல் இடம் கிடைக்கவில்லை. ஆங்கில இலக்கியம் படித்து 1940இல் பட்டம் பெற்றார். பட்டப்படிப்பு ஆய்வேட்டை எலிசபெத் காலத்து நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' பற்றி எழுதினார். அதே மார்லோவைப் பற்றி அவர் எழுதிய 'எ டெட் மேன் இன் டெப்ட்ஃபர்ட்' நாவல் அவர் மறைந்த ஆண்டில் வெளிவந்தது.

போர்க்காலம், திருமணம்

இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவப் பிரிவிலும் பின்னர் ராணுவக் கல்விப் பிரிவிலும் பணியாற்றினார். போரின் பிற்பகுதியில் ஜிப்ரால்டரில் இருந்தார். அந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய 'எ விஷன் ஆஃப் பேட்டில்மென்ட்ஸ்' அவருடைய முதல் நாவல். ஆனால் அது 1965இல்தான் அச்சேறியது. அதன் நாயகனும் இசையமைப்பாளராக விரும்பும் ஒரு படைவீரனே.

1942இல் லூயெலா ஜோன்ஸ் (லின்) என்ற வேல்ஸ் பெண்ணை மணந்தார். 1944இல், லண்டன் இரவுகளில் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்த காலத்தில், அமெரிக்கப் படையிலிருந்து ஓடிவந்த வீரர்கள் லின்னைத் தாக்கினர். அதில் அவருடைய கரு கலைந்ததாகப் பர்ஜெஸ் சொன்னார். அப்போது அவர் ஜிப்ரால்டரில் இருந்தார். மனைவியிடம் வர முடியவில்லை. இந்நிகழ்ச்சி 18 ஆண்டுகளுக்குப் பின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' நாவலுக்குள் வந்தது.

மலாயா ஆண்டுகள்

போருக்குப் பின் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த பர்ஜெஸ், 1954இல் காலனியக் கல்வித்துறையில் சேர்ந்து மலாயா சென்றார். கோலகங்சாரில் மலாய்க் கல்லூரியிலும் பின்னர் கோத்தா பாருவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் கற்பித்தார். மலாய் மொழியை ஜாவி எழுத்துடன் கற்றுத் தேர்வுகளில் தேறினார். காலனிய அரசு ஊழியர் சொந்தப்பெயரில் புனைவு எழுதுவது விரும்பப்படாத காலம் அது. எனவே வில்சனை விட்டுவிட்டு ஆந்தனி பர்ஜெஸ் என்ற பெயரைச் சூடினார்.

'டைம் ஃபார் எ டைகர்' (1956), 'தி எனிமி இன் தி பிளாங்கெட்' (1958), 'பெட்ஸ் இன் தி ஈஸ்ட்' (1959) ஆகிய மூன்றும் சேர்ந்து மலாயா முத்தொகுதி எனப்படுகின்றன. முதல் நாவலின் தலைப்பு பிரபலமான பீர் விளம்பரம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஊர்ப்பெயர்களிலும் மலாய்ச் சொல் விளையாட்டு உண்டு. கோலா ஹந்து என்ற ஊரின் பெயரில் பேயும், டஹாகா என்ற மாநிலத்தின் பெயரில் தாகமும் ஒளிந்துள்ளன. விக்டர் க்ராப் என்ற ஆங்கிலேய ஆசிரியர் மூன்று நாவல்களையும் இணைக்கிறார். மலாயா விடுதலையை நெருங்கும் ஆண்டுகளில் மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர், ஆங்கிலேயர் ஆகியோர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் ஒரே ஊரில் வாழ்வதை இந்நாவல்கள் பகடியாகச் சொல்கின்றன.

மூன்றாம் நாவலில் தமிழர்களுக்கு முக்கிய இடம் உண்டு. கால்நடை மருத்துவர் வைத்திலிங்கமும் அவருடைய நண்பர்கள் ஆறுமுகம், சுந்தரலிங்கம் ஆகியோரும் மலாயா அரசுப்பணிக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள். வைத்திலிங்கத்தின் மனம் ரோஸ்மேரி மைக்கேல் என்ற கிறித்தவத் தமிழ்ப்பெண்ணிடம் உள்ளது. நண்பர்கள் அதைத் தடுக்க முயல்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கும் பிற தமிழருக்கும் இடையே மலாயாவில் நிலவிய விலகலைப் பர்ஜெஸ் கூர்ந்து கவனித்திருக்கிறார். ஒரு ஆங்கில நாவலாசிரியர் 1950களிலேயே இந்த வேறுபாட்டை அறிந்து எழுதியது அபூர்வமானது. ஆனால் அவருடைய கவனிப்பு பெரும்பாலும் கேலியில் முடிந்துவிடுகிறது. ஆறுமுகத்தின் கீச்சுக்குரலும் ரோஸ்மேரியின் ஆங்கில மோகமும் மீண்டும் மீண்டும் சிரிப்புக்குப் பயன்படுகின்றன. அவர்களின் அகம் திறப்பதில்லை.

இந்நாவலின் உண்மையான மையம் ராபர்ட் லூ என்ற சீன இளைஞன். கடைக்காரரின் மகனான அவன் யாரிடமும் முறையாகக் கற்காமல் ஒரு சிம்பொனியை எழுதுகிறான். புதிய நாட்டின் இனங்கள் அனைத்தையும் இணைக்கும் குரல் அந்த இசை என நம்பும் க்ராப் அதை அரங்கேற்ற முயல்கிறார். அரசியல்வாதிகளுக்கு அதில் ஆர்வமில்லை. வந்திறங்கும் அமெரிக்க வல்லுநர்களோ கீழைநாட்டு நாட்டார் இசையையே தேடுகிறார்கள். சீன இளைஞன் எழுதிய சிம்பொனி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவனுடைய தந்தையின் கடையில் பாட்டுப்பெட்டி ஓயாமல் அலறுகிறது. தாமே கற்று, அரங்கேறாத இசையை எழுதி வைத்திருந்த பர்ஜெஸின் சாயல் இந்த இளைஞனிடம் தெளிவாகத் தெரிகிறது. முத்தொகுதியில் பகடி விலகித் துயரம் வெளிப்படும் இடங்கள் பெரும்பாலும் இவனைச் சார்ந்தவை.

எழுத்தாளராதல்

1958இல் பர்ஜெஸ் புருணைக்கு மாற்றப்பட்டார். 1959இல் வகுப்பறையில் மயங்கி விழுந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். மூளையில் கட்டி இருப்பதாகவும் ஓராண்டே உயிர்வாழ்வார் என்றும் மருத்துவர்கள் சொன்னதாகவும், மனைவிக்குப் பணம் சேர்த்துவைக்க அந்த ஓராண்டில் ஐந்து நாவல்களுக்கு மேல் எழுதியதாகவும் அவர் பலமுறை கூறினார். இக்கதையை அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் ஐயத்துடனேயே பார்க்கிறார்கள். ஆனால் அக்காலத்தில் அவர் எழுதிய வேகம் உண்மை. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அவருடைய ஐந்து நாவல்கள் வெளிவந்தன.

இவ்வளவு வேகமாக எழுதுவது மதிப்பைக் குறைக்கும் எனக் கருதப்பட்டதால் இரு நாவல்கள் ஜோசப் கெல் என்ற பெயரில் வெளியிடப்பட்டன. அவற்றில் ஒன்றான 'இன்சைட் மிஸ்டர் எண்டர்பி' (1963) மதிப்புரைக்காகப் பர்ஜெஸிடமே வந்தது. அவர் அதற்கு மதிப்புரை எழுதினார். உண்மை வெளிப்பட்டதும் யார்க்‌ஷயர் போஸ்ட் நாளிதழ் அவரை நீக்கியது.

எ கிளாக்வொர்க் ஆரஞ்சு

1962இல் வெளிவந்த இந்நாவலை 15 வயது அலெக்ஸ் தன் மொழியில் சொல்கிறான். அவனும் நண்பர்களும் இரவுகளில் அடித்து, கொள்ளையடித்து, பெண்களை வல்லுறவு செய்கிறார்கள். ஒரு எழுத்தாளரின் வீட்டில் புகுந்து அவர் மனைவியைச் சிதைக்கிறார்கள். அந்த எழுத்தாளர் எழுதிக்கொண்டிருக்கும் நூலின் பெயரும் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' என்பதே. தன் மனைவிக்கு நேர்ந்ததைத் தாக்கியவனின் வாயாலேயே சொல்லவைத்தது பர்ஜெஸ் எடுத்த மிகக் கடினமான முடிவு.

அலெக்ஸ் பேசும் 'நட்சாத்' என்ற கொச்சைமொழியைப் பர்ஜெஸ் ரஷ்யச் சொற்களிலிருந்து உருவாக்கினார். ரஷ்ய மொழியில் பதின்மூன்று முதலிய எண்களின் பின்னொட்டே நட்சாத். நல்லது எனப் பொருள்படும் 'கரஷோ' என்ற ரஷ்யச் சொல் இதில் 'ஹாரர்ஷோ' ஆகிறது. ஆங்கிலக் காதுக்கு அது பயங்கரக் காட்சி என ஒலிக்கும். அறியாத சொற்களின் திரை வன்முறையை வாசகனிடமிருந்து சற்று விலக்கி வைக்கிறது. அதேசமயம் சில பக்கங்களில் வாசகன் அம்மொழியைக் கற்றுக்கொண்டு அலெக்ஸின் கூட்டாளிபோல ஆகிவிடுகிறான். இந்த இரட்டை விளைவே நாவலின் மொழிச் சாதனை.

அலெக்ஸ் பீத்தோவனையும் மொசார்ட்டையும் ஆழ்ந்து ரசிப்பவன். உயர்ந்த கலை மனிதனைப் பண்படுத்தும் என்ற நம்பிக்கையை இந்தப் பாத்திரம் நேரடியாக மறுக்கிறது. இசை அவனுக்குள் கருணையை எழுப்பவில்லை. அவனுடைய வன்முறைக் கனவுகளுக்கு எரிபொருளாகிறது. சிறையில் அரசு அவனுக்கு லுடோவிகோ என்ற சிகிச்சையை அளிக்கிறது. மருந்து செலுத்தி வன்முறைப் படங்களைப் பார்க்கவைப்பதன் மூலம், வன்முறையை நினைத்தாலே குமட்டும்படி அவனை மாற்றுகிறார்கள். அந்தப் படங்களின் பின்னணியில் ஒலித்த இசையும் அவனுக்குக் குமட்டலாகிவிடுகிறது. குப்ரிக்கின் படத்தில் அது பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியோடு நிற்கிறது. நாவலில் செவ்விசை முழுவதையுமே அவன் இழக்கிறான். தேர்வுசெய்ய முடியாத மனிதன் மனிதன்தானா என்று சிறைப் பாதிரியார் கேட்கிறார். அக்கேள்விக்குப் பர்ஜெஸ் தரும் சான்று இசையின் இழப்பு. தீமையை மட்டும் தனியாக அறுத்தெடுக்க முடியாது. அத்துடன் அழகும் போய்விடும் என்கிறது நாவல்.

நாவல் மூன்று பாகங்கள் கொண்டது. பாகத்துக்கு ஏழு என 21 அத்தியாயங்கள். சட்டப்படி ஒருவர் முதிர்ச்சியடைந்ததாகக் கருதப்பட்ட வயது அன்று 21. மூன்று பாகங்களும் ஒரே கேள்வியுடன் தொடங்குகின்றன. கடைசி அத்தியாயமும் அதே கேள்வியுடன் தொடங்கி, முதல் காட்சியை மாற்றத்துடன் மீட்டுகிறது. அதில் 18 வயதான அலெக்ஸ் வன்முறையில் சலிப்படைகிறான். குடும்பம், குழந்தை பற்றி நினைக்கிறான். பேரிசைக்குப் பதிலாக, ஒரு குரலும் பியானோவும் மட்டும் உள்ள மென்மையான பாடல்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறான்.

1963இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் இந்த அத்தியாயம் நீக்கப்பட்டது. குப்ரிக்கின் படமும் (1971) அந்தப் பதிப்பையே பின்பற்றியது. ஆகவே, அலெக்ஸ் தன் பழைய கொடூரத்துக்குத் திரும்புவதே கதையின் முடிவென உலகம் அறிந்தது. 1980களின் பிற்பகுதியில்தான் அமெரிக்காவில் முழு நாவல் அச்சானது. கடைசி அத்தியாயம் வலிந்து சேர்க்கப்பட்ட நீதிபோதனை என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. அலெக்ஸின் மாற்றம் சில பக்கங்களில் விரைந்து நிகழ்வதால் அக்குறை ஓரளவு பொருந்தும். ஆனால் அதை நீக்கினால் நாவலின் வாதம் பாதியில் நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து திணித்த சிகிச்சை செய்யமுடியாததை வயதும் விருப்பமும் செய்கின்றன என்பதே அந்த வாதம். அதற்கான முதல் அறிகுறி மாறிவிட்ட இசை ரசனை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

படம் வன்முறையைத் தூண்டுவதாக பிரிட்டனில் குற்றச்சாட்டு எழுந்தது. குப்ரிக்கின் விருப்பப்படி அங்கு படம் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் அவர் மறையும்வரை திரையிடப்படவில்லை. ஊடகங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு பெருமளவில் பர்ஜெஸின் மேல் விழுந்தது. 'தி கிளாக்வொர்க் டெஸ்டமென்ட்' (1974) அந்த அனுபவத்தின் பகடி.

எண்டர்பி நாவல்கள்

எண்டர்பி என்ற நடுவயதுக் கவிஞர் கழிப்பறையில் அமர்ந்து கவிதை எழுதுபவர். செரிமானக் கோளாறால் அவதிப்படுபவர். அவரைப் பற்றி நான்கு நாவல்கள் வந்தன. முதல் நாவலில் தற்கொலைக்கு முயலும் எண்டர்பியை மனநல மருத்துவர் குணப்படுத்துகிறார். கவிதை அவரைவிட்டுப் போய்விடுகிறது. ஹாக் என்ற புதுப்பெயருடன் மதுக்கூடப் பணியாளராக, சமூகத்துக்குப் பயன்படும் மனிதராக ஆக்கப்படுகிறார். 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' வெளிவந்த மறு ஆண்டு வந்த இந்நாவல் அதே கேள்வியை நகைச்சுவையாக எழுப்புகிறது. ஒருவனைச் சமூகத்துக்கு ஏற்றவனாக மாற்றும்போது அவனுக்குள் இருந்த கலைக்கு என்ன ஆகிறது? இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்களுக்கே பர்ஜெஸின் கவலை முழுமையாகப் புரியும்.

இசை

பர்ஜெஸ் இளமை முதல் இசையமைத்து வந்தார். ஆனால் அவருடைய பேரிசை எதுவும் நெடுங்காலம் அரங்கேறவில்லை. 1975 அக்டோபரில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக இசைக்குழு அவருடைய மூன்றாம் சிம்பொனியை இசைத்தது. அப்போது அவருக்கு வயது 58. அதன்பின் இசைக்குத் திரும்பி ஏராளமாக எழுதினார். பியானோவுக்கான முன்னிசைகள், ஃப்யூக்குகள், கிதார் நால்வர் குழுவுக்கான படைப்புகள், ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலை ஒட்டி 1982இல் வானொலியில் ஒலித்த 'புளூம்ஸ் ஆஃப் டப்ளின்' இசைநாடகம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

அவருடைய இசை டெபுஸி, எல்கர், ஹோல்ஸ்ட் ஆகியோரின் மரபைச் சேர்ந்தது. வாத்திய அமைப்பில் தேர்ச்சியும் விளையாட்டும் உண்டு. ஆனால் நாவல்களில் முதல் பத்தியிலேயே அடையாளம் தெரியும் தனிக்குரல் இசையில் அந்த அளவுக்குத் திரளவில்லை.

இசை வடிவிலான நாவல்கள்

'நெப்போலியன் சிம்பொனி' (1974) பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியான 'எரோய்க்கா'வின் நான்கு பகுதிகளைப் பின்பற்றி எழுதப்பட்டது. பீத்தோவன் அதை முதலில் நெப்போலியனுக்கு அர்ப்பணிக்க எண்ணி, அவர் பேரரசரானதும் பெயரை அழித்தார் என்பது அறியப்பட்ட செய்தி. அந்த இசைக்குள் நெப்போலியனைத் திரும்பக் கொண்டுவர பர்ஜெஸ் முயன்றார். பகுதிகளின் நீள விகிதம், கருப்பொருள்களின் மீள்வருகை, வேகமாற்றம் ஆகியவற்றை உரைநடையில் அமைத்தார். 'மொசார்ட் அண்ட் தி உல்ஃப் கேங்' (1991) நூலிலும் மொசார்ட்டின் ஒரு சிம்பொனியை உரைநடையாக்கும் பகுதி உண்டு.

இவை துணிவான சோதனைகள். ஆனால் நாவலாக முழு வெற்றி பெறவில்லை. இசையில் பல சுரங்கள் ஒரே கணத்தில் ஒலிக்கும். சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வரமுடியும். இசையில் ஒரு கருப்பொருள் மீண்டும் வரும்போது காது அதை உடனே அறிந்து மகிழ்கிறது. நாவலில் அதே மீள்வருகை, மூலத்தை அருகில் வைத்து ஒப்பிடும் வாசகனுக்கே தென்படுகிறது. மற்றவர்களுக்குக் காட்சிகள் காரணமின்றித் திரும்ப வருவதாகத் தோன்றும். 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' நாவலிலும் இசைவடிவம் உள்ளது. ஆனால் அங்கே மீள்வருகைக்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. அதே கேள்வி, அதே இடம், மாறிவிட்ட மனிதன் என்பதை இசை தெரியாத வாசகனும் உணர முடிகிறது.

எர்த்லி பவர்ஸ்

1980இல் வெளிவந்து புக்கர் பரிசின் இறுதிப்பட்டியலில் இடம்பெற்ற இந்நாவல் பர்ஜெஸின் மிகப்பெரிய படைப்பு. அவ்வாண்டின் பரிசு வில்லியம் கோல்டிங்குக்குக் கிடைத்தது. கென்னத் டூமி என்ற 81 வயது தற்பாலீர்ப்பு எழுத்தாளர் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். அவருடைய உறவினராகும் கார்லோ என்ற பாதிரியார் பின்னர் போப் ஆகிறார். கார்லோ ஒருமுறை அற்புதத்தால் காப்பாற்றும் குழந்தை, வளர்ந்தபின் தன்னைப் பின்பற்றுபவர்களைக் கூட்டத்தோடு சாகடிக்கும் மதத்தலைவனாகிறான். நன்மை செய்வதாக எண்ணிச் செய்த செயல் பெருந்தீமையின் வித்தாகிறது.

மலாயாவும் இந்நாவலில் வருகிறது. டூமி நேசிக்கும் ஆங்கில மருத்துவர் ஃபிலிப், மகாலிங்கம் என்ற தமிழரின் சாபத்துக்கு இரையாகி இறக்கிறார். மகனை இழந்த தந்தையின் துயரம் மாந்திரீகமாகச் சுருங்கிவிடுவது, முத்தொகுதியில் கண்ட குறை இங்கும் தொடர்வதைக் காட்டுகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் போர், மதம், கலை ஆகியவற்றை ஒரே குரலில் தொகுக்கும் ஆற்றலில் இந்நாவல் பர்ஜெஸின் உச்சம் எனலாம்.

பிற பணிகள்

ஷேக்ஸ்பியரின் காதல் வாழ்க்கையைச் சொல்லும் 'நத்திங் லைக் தி சன்' (1964), கவிஞர் கீட்ஸின் இறுதிநாட்களைச் சொல்லும் 'அப்பா அப்பா' (1977) ஆகியவை பிற முக்கிய நாவல்கள். ஜாய்ஸ் பற்றிய 'ஹியர் கம்ஸ் எவ்ரிபடி' (1965) மாணவர்களுக்கு இன்றும் நல்ல வழிகாட்டி. 'சிரானோ டி பெர்ஜராக்' நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்' தொலைக்காட்சித் தொடரின் (1977) திரைக்கதையில் பங்களித்தார். 'குவெஸ்ட் ஃபார் ஃபயர்' (1981) படத்துக்காக ஆதிமனிதர்களின் மொழியை உருவாக்கினார். 'லிட்டில் வில்சன் அண்ட் பிக் காட்' (1987), 'யூ'வ் ஹேட் யுவர் டைம்' (1990) ஆகியவை தன்வரலாறுகள். சுவையானவை; தகவல்களுக்கு அவற்றை மட்டும் நம்ப முடியாது.

மறைவு

லின் 1968இல் கல்லீரல் நோயால் இறந்தார். அதே ஆண்டு இத்தாலிய மொழிபெயர்ப்பாளர் லியானா மச்செல்லாரியைப் பர்ஜெஸ் மணந்தார். மால்டா, இத்தாலி ஆகிய நாடுகளில் வாழ்ந்தபின் மொனாக்கோவில் குடியேறினார். நவம்பர் 22, 1993 அன்று நுரையீரல் புற்றுநோயால் லண்டனில் காலமானார். மான்செஸ்டரில் அவர் பெயரால் செயல்படும் பன்னாட்டு அறக்கட்டளை அவருடைய நூல்களையும் இசைச்சுவடிகளையும் பாதுகாக்கிறது.

இலக்கிய இடம்

பர்ஜெஸ் அளவுக்கு அதிகமாக எழுதியவர் என்ற குறை அவர் வாழ்ந்த காலத்திலேயே இருந்தது. அவருடைய பல நாவல்கள் மொழித்திறனால் நகர்கின்றன. பாத்திரங்கள் நினைவில் நிற்பதில்லை. பெண் பாத்திரங்களும் ஆசியப் பாத்திரங்களும் பெரும்பாலும் கேலிச்சித்திரங்களாகவே எஞ்சுகின்றனர். நாவலை இசையாக்கும் முயற்சி அவருடைய அறிவுக்கூர்மைக்குச் சான்று. ஆனால் அதில் வாசகனுக்குக் கிடைப்பது குறைவு.

அவர் நிலைபெறுவது இசையை ஓர் அறக்கேள்வியாக ஆக்கிய படைப்புகளில். அரங்கேறாத சிம்பொனியுடன் நிற்கும் ராபர்ட் லூ, குணப்படுத்தப்பட்டதால் இசையை இழந்த அலெக்ஸ், கவிதையை இழந்த எண்டர்பி ஆகிய மூவரும் ஒரே வினாவின் மூன்று முகங்கள். கலை மனிதனை நல்லவனாக்கும் என்று பர்ஜெஸ் சொல்லவில்லை. கலையைச் சாத்தியமாக்கும் சுதந்திரமே தீமையையும் சாத்தியமாக்குகிறது, ஆயினும் அதைப் பறிக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்று அவர் சொன்னார். தன் சொந்த வாழ்க்கையில் அந்தத் தீமையின் விலையைக் கொடுத்தவர் அதைச் சொன்னார் என்பதே அக்குரலின் எடை. அவரை ஒரு திரைப்படத்தின் மூலக்கதை ஆசிரியராக மட்டும் அறிந்தவர்கள், 21ஆம் அத்தியாயத்துடன் கூடிய நாவலிலிருந்து வாசிப்பைத் தொடங்கலாம்.